கேள்வி கேக்கற ஓனர்கிட்ட போங்க தம்பி

வாசகர் கடிதம்:

அன்புள்ள அக்கா,

வணக்கம். நீங்க லாரி லைன் பத்தி எழுதறதெல்லாம் எங்க செட்டுல எல்லாரும் படிப்போம், படிக்கத் தெரியாதவங்களுக்கு ஒருத்தன் சத்தமா படிச்சுக் காட்டுவான். நான் வியாசர்பாடி, வயசு 36. கிளீனரா ஏறி, செகண்ட் டிரைவர் ஆகி, கடைசி ஏழெட்டு வருஷமா ஹார்பர் டிரெய்லர் ஓட்டினேன். எண்ணூர், காட்டுப்பள்ளி, மணலி யார்டு எல்லாம் எனக்கு வீட்டு வாசல் மாதிரி.

போன வருஷம் ஐப்பசி மழைல, ராத்திரி ஒன்பதரை இருக்கும், ஆண்டார்குப்பம் தாண்டி ஒரு யார்டுக்குள்ள போக லெஃப்ட் திரும்பறேன். நாப்பது அடி வண்டி, எம்ப்டி பாக்ஸ். இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்பினேன். கிளீனர் கிடையாது, ஓனர் நிப்பாட்டி ரெண்டு வருஷம் ஆச்சு. லெஃப்ட் மிரர் உடைஞ்சு டேப் ஒட்டி இருந்துச்சு, அத நான் முன்னாடியே போட்டோ எடுத்து சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி இருந்தேன், அவர் ஒரு கட்டைவிரல் போட்டார், அவ்ளோதான். ஒரு பைக்கு உள்ள பூந்துடுச்சு. சத்தம் கேட்டு ரைட்ல ஒடிச்சேன், வண்டி மீடியன்ல ஏறி ஸ்டீயரிங் உதறினதுல என் வலது மணிக்கட்டு போச்சு. அந்தப் பையனுக்குக் கால் எலும்பு ரெண்டு இடத்துல. உயிருக்கு ஒண்ணும் ஆகல, சாமி புண்ணியம். நான் ஓடல அக்கா. நாலு அடி விழுந்துச்சு, வாங்கிக்கிட்டு 108 வர்ற வரைக்கும் அங்கயேதான் நின்னேன்.

கேஸ் போட்டாங்க. ஓனர் ஒரு மாசத்துல கணக்கு முடிச்சு அனுப்பிட்டார். கைல பிளேட்டு வெச்சு இப்போ பரவால்ல, மழை வந்தா வலிக்குது. வேலை தேடிப் போற இடத்துல எல்லாம் பழைய இடத்த ஏன் விட்டேன்னு கேக்கறாங்க, உண்மையச் சொன்னா "சொல்லி அனுப்பறோம்"ங்கறாங்க, அப்புறம் போனே வராது. மறைச்சிடுடா, வீட்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடுன்னு ஃப்ரெண்டு சொல்றான். ஒரு தண்ணி லாரிக்காரர் மட்டும் எதுவுமே கேக்காம, நாளைக்கே வந்து சாவி வாங்கிக்கோங்கறார். பழைய ஓனரோட வக்கீல், கோர்ட்ல ஒத்துக்கோ, ஃபைன நாங்களே கட்டிடறோம், முடிஞ்சு போயிடும்ங்கறார். லைசன்ஸ ஸ்டேஷன்ல வாங்கி வெச்சுட்டு ஒரு சீட்டு குடுத்தாங்க, அது வீட்ல எங்கயோ கிடக்கு. வீட்டுக்காரி லாரியே வேணாம், ஆட்டோ ஓட்டுங்கறா. ராத்திரில லெஃப்ட் பக்கம் பைக் சத்தம் கேட்டா எனக்கு வேர்க்குது, அது வேற.

மறைக்கலாமா? தண்ணி லாரிக்குப் போயிடலாமா? பேர் போடாம பதில் போடுங்க அக்கா.

வியாசர்பாடி தம்பி

பதில்:

அன்புள்ள தம்பி,

தண்ணி லாரிக்குப் போகாதீங்க. அத மொதல்ல சொல்லிடறேன், ஏன்னு அப்புறம் சொல்றேன்.

நான் மாதவரத்துல புக்கிங் ஆபீஸ்ல கணக்கு எழுத உக்காந்து, அப்புறம் சொந்தமா வண்டி விட்டு, டிரைவருங்களுக்கு வேலை குடுக்கற சேர்ல ரொம்ப காலம் இருந்தவ. அந்தச் சேர்ல இருந்து பாத்தா ஒண்ணு தெரியும். நாப்பது லட்ச ரூபா வண்டிய முன்னப் பின்ன தெரியாத ஆளு கைல குடுக்கறப்போ எவனும் நாலு கேள்வி கேப்பான். கேக்கலன்னா அவனுக்கு டிரைவர் வேணாம், சீட்டுல ஒரு ஆளு உக்காந்தாப் போதும்னு அர்த்தம். உங்க ஆக்சிடென்ட்டப் பத்திக் கேக்காத ஓனர் அவர் வண்டி பிரேக்கப் பத்தியும் கேக்க மாட்டார், டயரப் பத்தியும் கேக்க மாட்டார், மிரர் உடைஞ்சிருக்குன்னு போட்டோ அனுப்பினா அவரும் ஒரு கட்டைவிரல்தான் போடுவார். நீங்க இப்பதான் அப்படி ஒரு இடத்துல இருந்து கைய உடைச்சுக்கிட்டு வந்திருக்கீங்க.

நம்பிக்கை வரலன்னா அந்தத் தண்ணி லாரி நம்பர எம்பரிவாகன்ங்கற கவர்மென்ட் ஆப்ல போட்டுப் பாருங்க, இன்சூரன்ஸ் எது வரைக்கும், எஃப்.சி., அதாவது வண்டியோட தகுதிச் சான்று, எது வரைக்கும்னு அதுலயே காட்டும், யார் வேணா பாக்கலாம். ரெண்டும் கரெக்டா இருந்தா அந்த மனுஷன நான் தப்பா நினைச்சதா வெச்சுக்குங்க. இன்சூரன்ஸ் முடிஞ்ச வண்டின்னா அதுல ஏறி உக்காந்து இன்னொன்னு ஆச்சுன்னா அந்த நஷ்டஈடு ஓனர் தலைலயும் உங்க தலைலயும் தான் வந்து விழும். அதுவும் இல்லாம தண்ணி லாரி, டிப்பர், ரெடிமிக்ஸ் இதெல்லாம் டிரிப் எண்ணிக்கைல ஓடற வண்டி, எத்தன டிரிப்போ அத்தன காசு, ரெடிமிக்ஸ்ல கலவை இறுகறதுக்குள்ள சைட்டுக்குப் போகணும்னு போன் மேல போன் வரும். அதுல நல்ல டிரைவருங்க நல்ல ஓனருங்க இருக்காங்க, நான் இல்லன்னு சொல்லல, ஆனா பைக் சத்தம் கேட்டா வேர்க்கற ஆளு திரும்ப ஸ்டீயரிங் புடிக்க அந்த அவசரம் சரிப்படாது.

இப்போ மறைக்கலாமாங்கற கேள்விக்கு வர்றேன். மறைக்க வேணாம். நியாய தர்மத்த விடுங்க, மறைச்சா நிக்காது, அதான் விஷயம். மாசத்துல ஒரு நாள் வாய்தான்னு லீவு கேப்பீங்க, ஒரு தடவ பல்லு வலி, ஒரு தடவ மச்சினன் கல்யாணம்னு சொல்லலாம், மூணாவது தடவ மாட்டுவீங்க. ஹார்பர் லைன் ரொம்ப சின்னது, மணலி உரத் தொழிற்சாலை எம்.எஃப்.எல். சிக்னல்ல டீ குடிக்கற நாலு பேர்ல ஒருத்தனுக்கு உங்க கதை தெரிஞ்சிருக்கும், உங்க புது ஓனருக்கு அது உங்க வாயால வர்றதுக்கும் டீக்கடைல இருந்து வர்றதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

சொன்ன இடத்துல எல்லாம் போன் வரலையேன்னு கேப்பீங்க. அங்கதான் நீங்க எங்க சேர் பக்கம் வந்து உக்காந்து பாக்கணும். ஒரு டிரைவர் வந்து ஆக்சிடென்ட் ஆச்சுன்னு சொன்னா, அந்த ஆக்சிடென்ட் எங்களுக்குப் பெரிய பயம் இல்ல, லாரி வெச்சிருக்கறவன் ஆக்சிடென்ட் பாக்காம இருக்க முடியாது. பயம் வேற. இந்த ஆளு லைசன்ஸ் உயிரோட இருக்கா, சஸ்பெண்ட் ஆகியிருக்கா? ஏன்னா செல்லாத லைசன்ஸ் வெச்சிருக்கறவர வண்டி ஓட்ட விட்டு ஏதாவது ஆச்சுன்னா, இன்சூரன்ஸ்காரன் அடிபட்டவங்களுக்குப் பணத்தக் குடுத்துட்டு, அப்புறம் ஓனர்கிட்ட வட்டியோட வசூல் பண்ண கோர்ட்டே உத்தரவு போடும், ஒரு கேஸ்ல வண்டியே போயிடும். அடுத்தது, கேஸ் எந்த நிலைமைல இருக்கு, வாய்தாவுக்குப் போகாம பிடிவாரண்ட் வந்து நடு ரோட்ல வண்டியோட நிக்க வெச்சுருவாங்களா? இந்தக் கேள்விக்கெல்லாம் நீங்க வாயால பதில் சொன்னா அவன் நம்ப மாட்டான், அதுக்காக உங்ககிட்ட கேட்டுக்கிட்டும் இருக்க மாட்டான், "சொல்லி அனுப்பறோம்"னு முடிச்சுக்குவான். பேப்பரா கைல இருந்தா பேச்சே வேற.

நிறைய டிரைவருங்க ஒரு ஆக்சிடென்ட் ஆனா நம்ம பேர் எங்கயோ லிஸ்ட்ல ஏறிடும், எந்த இன்சூரன்ஸும் நம்மள சேக்காதுன்னு நினைக்கறாங்க. நம்ம ஊர்ல லாரி இன்சூரன்ஸ் வண்டி மேல தான். நீங்க வேலைக்குச் சேர்ந்தீங்கன்னு புது ஓனருக்கு பிரீமியம் ஒரு ரூபா ஏறாது. இத அவருக்கே சில சமயம் தெரியாது, சொல்லுங்க.

அந்தச் சீட்டத் தேடி எடுங்க தம்பி, இன்னிக்கே. பீரோவுக்கு அடியில, பாப்பா நோட்டுக்குள்ள, எங்க இருந்தாலும். லைசன்ஸ போலீஸ் வாங்கி வெச்சா அதுக்கு ஒரு ஒப்புகைச் சீட்டு குடுக்கணும்னு மோட்டார் வாகனச் சட்டம் 206வது பிரிவுல இருக்கு, லைசன்ஸ் திரும்பக் கைக்கு வர்ற வரைக்கும், இல்ல சீட்டுல போட்டிருக்கற தேதி வரைக்கும், அந்தச் சீட்ட வெச்சே வண்டி ஓட்டலாம். அத நீங்க குப்பை மாதிரி போட்டு வெச்சிருக்கீங்க. அப்புறம் பரிவாகன் சைட்ல உங்க லைசன்ஸ் நம்பர், பொறந்த தேதி போட்டு ஆக்டிவ்னு காட்டுதா சஸ்பெண்டட்னு காட்டுதான்னு பாருங்க, நீங்க பாக்கறதுக்கு முன்னாடி ஓனர் பாத்திருப்பார். ஆர்.டி.ஓ. சஸ்பெண்ட் பண்றதுன்னா 19வது பிரிவுல உங்களக் கூப்பிட்டு விளக்கம் கேட்டுட்டுத்தான் பண்ணணும், ஆர்டர் கைக்கு வந்து 30 நாளைக்குள்ள அப்பீல் பண்ணலாம். ஆர்.டி.ஓ. லெட்டர் ஏதாவது பழைய அட்ரஸுக்குப் போயிருக்கான்னும் பாருங்க, வாடகை வீடு மாறிட்டு லைசன்ஸ்ல அட்ரஸ் மாத்தாதவங்க தான் நம்மள்ல பாதிப் பேர்.

லைசன்ஸ் எப்போ முடியுதுன்னு நீங்க எழுதவே இல்ல. 2019 திருத்தத்துக்கு அப்புறம் டிரான்ஸ்போர்ட் லைசன்ஸ் 5 வருஷம், முன்ன 3 வருஷம். ஆனா முன்ன முடிஞ்சதுக்கு அப்புறம் ஒரு மாசம் கருணை காட்டுவாங்க, இப்போ அது கிடையாது, முடிஞ்ச மறுநாளே செல்லாது. முடிஞ்சு ஒரு வருஷம் தாண்டிட்டா திரும்ப டெஸ்ட் குடுத்து எட்டு போட்டுக் காட்டணும், இந்த வயசுல அந்த வேலை நமக்கு எதுக்கு.

அடுத்த பேப்பர் பிரேக் இன்ஸ்பெக்டர், அதான் மோட்டார் வாகன ஆய்வாளர், குடுக்கற ரிப்போர்ட்டு. ஆக்சிடென்ட் வண்டிய அவர் வந்து பாத்து, எங்க எங்க இடிச்சிருக்கு, பிரேக் எப்படி இருந்துச்சுன்னு எழுதி, கடைசில விபத்து வண்டியோட இயந்திரக் கோளாறால நடந்ததா இல்லையான்னு ஒரு வரி போடுவார். அந்த ஒரு வரிதான் பல டிரைவருங்க தலையெழுத்து. இயந்திரக் கோளாறு இல்லன்னு போட்டுட்டா மிச்சம் யாரு? டிரைவர் தான். உங்க கேஸ்ல அந்த டேப் ஒட்டின மிரர் ரிப்போர்ட்ல வந்திருக்கா, இல்ல ஆக்சிடென்ட்ல உடைஞ்சதுன்னு போயிடுச்சா? காப்பி வாங்கிப் பாருங்க. நீங்க அனுப்பின வாட்ஸ்அப் போட்டோவ அழிச்சிடாதீங்க, போன மாத்தாதீங்க, மாத்தறதா இருந்தாலும் பழைய போன வித்துடாதீங்க, அதுல இருக்கற தேதியும் அந்த ஆளு போட்ட கட்டைவிரலும் தான் உங்களுக்கு சாட்சி. போலீஸ்கிட்ட வாக்குமூலம் குடுத்தப்போ இதச் சொன்னீங்களான்னு தெரியல, சொல்லலன்னா உங்க வக்கீல்கிட்ட சொல்லுங்க.

உங்க வக்கீல்னு சொன்னேன் கவனிங்க. இப்போ உங்களுக்காகப் பேசறவர் ஓனரோட வக்கீல். அவர் கெட்டவர்னு சொல்லல, அவர் யாருக்கு வேலை செய்யறாரோ அவங்களுக்கு நல்லது பாக்கறார். நீங்க ஒத்துக்கிட்டா மிரர் கதை, கிளீனர் இல்லாத கதை எதுவும் கோர்ட் ஏறாது, ஓனருக்கு நிம்மதி. உங்களுக்கு? இப்போ ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த புதுச் சட்டம், பி.என்.எஸ்., 2024 ஜூலை 1ல இருந்து நடைமுறைல இருக்கு, அதுல 281வது பிரிவுன்னா தாறுமாறா ஓட்டினது, 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 1,000 ரூபா வரைக்கும் ஃபைன், இல்ல ரெண்டும். 125ல பெருங்காயம்னா 3 வருஷம் வரைக்கும், இல்ல 10,000 ரூபா வரைக்கும், இல்ல ரெண்டும். ஃபைனோட விட்டாங்கன்னா அப்பாடான்னு இருக்கும், ஆனா கோர்ட் ரெக்கார்டுல அது தண்டனை. தண்டனைன்னு வந்துட்டா மோட்டார் வாகனச் சட்டம் 20வது பிரிவுல அந்தக் கோர்ட்டே லைசன்ஸ்ல கை வைக்கலாம். அந்தப் பையன் நஷ்டஈடு கேஸ் போட்டா நீங்க ஒத்துக்கிட்ட பேப்பர அங்க கொண்டு வந்து வெப்பாங்க. நாளைக்கு நீங்க கத்தார், துபாய்னு டிரெய்லர் ஓட்டப் போகணும்னு நினைச்சா அங்கயும் அது முன்னாடி வந்து நிக்கும். எஃப்.ஐ.ஆர். வேற, தண்டனை வேற தம்பி, இப்போதைக்கு உங்க மேல இருக்கறது கேஸ் மட்டும் தான், அத நீங்களா தண்டனையா மாத்திக்காதீங்க. உங்க சொந்த வக்கீல் எல்லா பேப்பரயும் படிச்சுப் பாத்துட்டு ஒத்துக்கறதுதான் நல்லதுன்னு சொன்னா அது வேற விஷயம், அப்போ தெரிஞ்சு செய்யறீங்க. அடிபட்டவர் சம்மதிச்சா காயம் சம்பந்தப்பட்ட பிரிவ கோர்ட் அனுமதியோட சமரசமா முடிக்கவும் வழி இருக்கு, அதையும் கேளுங்க. வக்கீலுக்குக் காசு இல்லன்னா 15100க்கு போன் போடுங்க, இலவச சட்ட உதவி, தொழிலாளிங்களுக்கு அதுல தனியா இடமே இருக்கு.

நஷ்டஈடு நோட்டீஸ் வரும், சென்னைல அது சிறு வழக்குகள் நீதிமன்றத்துல நடக்கும், டிரைவரையும் ஒரு எதிர்மனுதாரரா சேத்திருப்பாங்க. பேரப் பாத்து பயந்து வாங்காம விட்டுடாதீங்க. இன்சூரன்ஸும் உங்க லைசன்ஸும் அன்னிக்கு செல்லுபடில இருந்துச்சுன்னா பணம் குடுக்கப் போறது இன்சூரன்ஸ் கம்பெனி தான். வாங்காம விட்டாத்தான் உங்க பக்கம் பேச ஆளில்லாம போயிடும்.

ஒண்ண நீங்க யோசிக்கவே இல்லன்னு நினைக்கறேன். உங்க மணிக்கட்டு. அது வேலை நேரத்துல, வேலை செய்யறப்போ உடைஞ்சது. கேஸ் உங்க மேல இருந்தாலும் சரி, தப்பே உங்களோடதுன்னு வெச்சுக்கிட்டாலும் சரி, வேலைல அடிபட்ட தொழிலாளிக்கு ஓனர் நஷ்டஈடு குடுக்கணும், 1923லயே வெள்ளைக்காரன் காலத்துல வந்த உரிமை இது. குடிச்சுட்டு ஓட்டினா வம்பு. லாரி பாலிசிய எடுத்துப் பாத்தீங்கன்னா பெய்டு டிரைவர்னு ஒரு வரி இருக்கும், பக்கத்துல 50 ரூபா போட்டிருக்கும், அது உங்களுக்காக ஓனர் கட்டின பிரீமியம். ஓனர் பாக்கெட்ல இருந்துகூட போகாது, இன்சூரன்ஸ்ல இருந்து வரும், அதையே கேக்காம கணக்கு முடிச்சுக்கிட்டு வந்திருக்கீங்க. சுப்ரீம் கோர்ட் 1976ல ஒரு தச்சர் கேஸ்ல, ஒரு கை போனவருக்கு மிச்ச கை இருக்கேன்னு பாக்கல, அவரால தச்சு வேலை செய்ய முடியுமான்னு தான் பாத்துச்சு, முடியாதுன்னா நூத்துக்கு நூறு இழப்புன்னு சொல்லிடுச்சு. உங்களுது அவ்ளோ தூரம் இல்ல, கை வேலை செய்யுது, ஆனா எவ்ளோ சதவீதம் குறைஞ்சிருக்குன்னு டாக்டர் சர்டிஃபிகேட் வாங்கி தொழிலாளர் துறைல மனு போடுங்க. ஆக்சிடென்ட் ஆன தேதில இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும், தள்ளிப் போடாதீங்க. பழைய ஓனர் கோச்சுக்குவாரேன்னு பாக்கறீங்களா? அவர் உங்கள அனுப்பியாச்சு.

இப்போ புது ஓனர்கிட்ட எப்படி சொல்றதுன்னு. போன்ல சொல்லாதீங்க, நேர்ல போங்க. லைசன்ஸ் ஒப்புகைச் சீட்டு, பரிவாகன் பிரிண்ட் அவுட், இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட் காப்பி, டாக்டர் சர்டிஃபிகேட் எல்லாம் ஒரு கவர்ல. அவர் கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே எடுத்து வைங்க. "போன ஐப்பசில எனக்கு ஒரு ஆக்சிடென்ட் சார், லெஃப்ட் திரும்பறப்போ பைக்கு உள்ள வந்துடுச்சு, அவருக்கு கால் முறிவு, இப்போ நல்லா இருக்கார், கேஸ் இன்ன நிலைமைல இருக்கு, அடுத்த வாய்தா இன்ன தேதி, லைசன்ஸ் ஆக்டிவ்ல இருக்கு." இவ்ளோதான். பைக்காரன் எப்படி வந்தான், ஹெல்மெட் போட்டானா, இந்த ஊர்ல பசங்க எப்படி ஓட்டறாங்கன்னு பத்து நிமிஷம் பேசாதீங்க, பேசப் பேச ஓனர் மனசுல உங்க மார்க் குறையும், நானே அப்படித்தான் எத்தனையோ பேர அனுப்பி இருக்கேன்.

நீங்க சொல்லியே ஆக வேண்டியது ஒண்ணு இருக்கு, நின்னேன்னு. மோட்டார் வாகனச் சட்டம் 134வது பிரிவு டிரைவர் அடிபட்டவங்களுக்கு உதவணும், போலீஸுக்கு சொல்லணும்னு இருக்கு, கூட்டம் அடிக்க வர்ற நிலைமைல விலகிப் போக அதுலயே இடமும் இருக்கு, ஆனா போயி ஸ்டேஷன்ல சொல்லணும். 2024 ஜனவரில பல மாநிலத்துல லாரி நின்னு பெட்ரோல் பங்க்ல எல்லாம் கியூ கட்டினாங்களே, அது ஆள அடிச்சு உயிர் போயி, போலீஸுக்கு சொல்லாம ஓடினா 10 வருஷம் வரைக்கும்ங்கற புதுப் பிரிவ எதிர்த்துத்தான். நின்னா அடிச்சே கொன்னுடுவாங்கன்னு நம்ம ஆளுங்க சொன்னது பொய் இல்ல. அப்படி இருந்தும் நீங்க நின்னிருக்கீங்க. லாரி வெச்சிருக்கற எவனுக்கும் இதோட மதிப்பு தெரியும், ஓடின டிரைவரத் தேடிப் போலீஸ் அவன் ஆபீஸ் வாசல்ல வந்து நின்ன அனுபவம் அவனுக்கு இருக்கும்.

அப்புறம் நீங்களும் நாலு கேள்வி கேளுங்க. வண்டில கிளீனர் உண்டா? கிளீனர நிப்பாட்டினது இந்த லைன்ல ஓனருங்க பண்ணின பெரிய அநியாயம்னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன், யாரும் கேக்கல. லெஃப்ட கிளீனர் சைடுன்னு தானே சொல்றோம், அந்தப் பக்கம் பாக்க ஆளு இருந்தாங்கறதால தான் அந்தப் பேரே. திரும்பறப்போ கதவுல ரெண்டு தட்டு தட்டுவான், வண்டி நிக்கும், பைக்கு போயிடும், அவ்ளோதான் அவன் வேலை, அதுக்கு அவனுக்குக் குடுத்த சம்பளத்தையும் பேட்டாவையும் மிச்சம் பிடிச்சாங்க. இப்போ எந்த ஓனரக் கேட்டாலும் ஆளு கிடைக்கலங்கறாங்க, அதுலயும் பாதி உண்மை தான். கிளீனர் இல்லன்னு சொன்னா, லெஃப்ட் மிரர் ரெண்டு வெச்சுத் தருவீங்களான்னு கேளுங்க, கீழ பாக்க ஒரு உருண்டை மிரர். கேட்ட உடனே மூஞ்சி சுளிக்கறாரா, இல்ல மெக்கானிக்கக் கூப்பிடறாரான்னு பாருங்க.

டிரையல் பாக்கணும்பாங்க. பெரிய டிரைவர் ஒருத்தர் பக்கத்துல உக்காருவார். அவர் நீங்க எவ்ளோ வேகமா ரிவர்ஸ் எடுக்கறீங்கன்னு பாக்கறதில்ல. ஏறறதுக்கு முன்னாடி வண்டியச் சுத்தி வந்தீங்களா, டயரத் தட்டிப் பாத்தீங்களா, கப்ளிங் பின்னு லாக் ஆகியிருக்கான்னு குனிஞ்சு பாத்தீங்களா, ஸ்டார்ட் பண்ணிட்டு பிரேக்குக்கு ஏர் ஏறற வரைக்கும் மீட்டர் முள்ளப் பாத்துக்கிட்டு சும்மா உக்காந்திருந்தீங்களா, அதத்தான் பாப்பார். அந்த ரெண்டு நிமிஷம் சும்மா உக்காரத் தெரிஞ்ச டிரைவருக்கு வேலை உண்டு. மிரர்ல லெஃப்ட்ட ரெண்டு தடவ பாக்கறது அவருக்கே தெரியும், நடுக்கம்னு நினைக்க மாட்டார், அடிபட்டுக் கத்துக்கிட்டவன்னு தான் நினைப்பார்.

கையப் பத்தி. கே.கே. நகர்ல அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கு, பிசியோ அங்க பாருங்க, வெறும் மாத்திரைய முழுங்கிக்கிட்டு இருக்காதீங்க. புத்தூர் கட்டு போட்டா வலி நிக்கும்னு யாராவது கூட்டிட்டுப் போனா போகாதீங்க, உள்ள பிளேட்டு இருக்கற கை அது. பைக் சத்தத்துக்கு வேர்க்குதுன்னு எழுதினீங்க, அதுக்காக வெக்கப்பட ஒண்ணுமில்ல, அதே பிசியோவுக்குப் போறப்போ மனநல டாக்டர் ஓ.பி.யும் எங்கன்னு கேட்டு ஒரு சீட்டு போட்டுப் பாருங்க, தூக்கத்துல அந்த சத்தம் வருதான்னும் அவர்கிட்ட சொல்லுங்க. குடிச்சா மறக்கும்னு நம்ம லைன்ல ஒரு வைத்தியம் இருக்கு, அது வேணாம்.

வேலைன்னு பாத்தா, நேரா நாப்பது அடி டிரெய்லர எடுத்துட்டு ராத்திரில ஹார்பர் கியூவுக்குப் போகாதீங்க. மணலி, மாதவரம் பக்கம் இருக்கற கன்டெய்னர் யார்டுங்கள்ல உள்ளயே பாக்ஸ நகத்தறதுக்கு வண்டி ஓடும், ரோடு ஏறாது, வேகம் கிடையாது, ஷிஃப்ட் கணக்கு. சம்பளம் குறைச்சல் தான், பேட்டா பெருசா இருக்காது, பழைய ஹார்பர் டிரைவருக்கு அது கொஞ்சம் கௌரவக் குறைச்சலா கூட இருக்கும். ஆனா ஒரு ஆறு மாசம் அங்க இருந்தா கையும் பழகும், அடுத்த ஓனர் கேக்கறப்போ ஆக்சிடென்ட்டுக்கு அப்புறம் நடுவுல எங்க இருந்தேங்கற கேள்விக்குப் பதிலும் இருக்கும். சாத்தங்காடு இரும்பு மார்க்கெட்ல ஆக்டிங் டிரைவர் கேட்டு யாராவது இருந்துக்கிட்டே இருப்பாங்க, பகல் டிரிப்பா, கிளீனரோட போற வண்டியா பாத்துப் போங்க. தண்டையார்பேட்டை டேங்கர் பக்கம் இப்போ போகாதீங்க, அதுக்கு அபாய சரக்கு டிரெயினிங் 3 நாள் முடிச்சு லைசன்ஸ்ல ஏத்தணும், அது பெரிய விஷயம் இல்ல, ஆனா கான்ட்ராக்டருங்க போலீஸ் வெரிஃபிகேஷன் கேப்பாங்க, நிலுவைல இருக்கற கேஸ் அதுல வந்துடும். கேஸ் முடியட்டும்.

வீட்ல ஆட்டோ ஓட்டச் சொல்றாங்கன்னா அவங்க கேக்கறது ஆட்டோ இல்ல, நீங்க ராத்திரி வீட்டுக்கு வந்துடணும்னு கேக்கறாங்க. யார்டு வேலைல அது நடக்கும், அதச் சொல்லிப் பாருங்க. அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கீங்களான்னும் பாருங்க, இல்லன்னா அவங்களையே தொழிலாளர் ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போய் பதிவு பண்ணுங்க, பசங்க படிப்புக்கு உதவித்தொகை வரும், வேலையப் பத்தி வீட்ல பேச அதுவும் ஒரு சாக்கு.

அதனால மொதல்ல சீட்டு, அப்புறம் பரிவாகன், அப்புறம் 15100. இது மூணும் முடிக்காம எந்த ஓனரையும் பாக்கப் போகாதீங்க. போறப்போ காலைல லோடு ஏத்தற நேரத்துல போய் நிக்காதீங்க, அப்போ யாரு வந்தாலும் எரிஞ்சுதான் விழுவாங்க, மதியம் சாப்பாடு முடிஞ்சு மூணு மணிக்கு மேல போங்க. "சொல்லி அனுப்பறோம்"னு சொன்ன இடங்கள்ல ஒண்ணு ரெண்டு பேராவது உங்கள உக்கார வெச்சு நாலு கேள்வி கேட்டிருப்பாங்க இல்ல, மொதல்ல அவங்ககிட்டயே கவரோட திரும்பப் போங்க.